ஏகமனதாகக் குணமான முட்டி

திருத்தணி வட்டார தேகாப்பியாச அபிவிருத்தி சங்கத்தின் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. விரோதம் பாராட்டுவதற்கு அந்தச் சங்கம் ஏதாவது செய்திருக்க வேண்டும். ஆரம்பித்த நாள் முதலாக அது கூட்டம் போட்டது, வந்தனோபசாரம் சொன்னது, சோடா குடித்தது. அங்கத்தினர்கள் செய்த தேகாப்பியாசம் என்று பார்த்தால், கழுத்தை நீட்டி மாலை வாங்கிக்கொண்டதும், அதைக் கழற்றி மேஜை மேல் வைத்ததும்தான்.

சங்கத்துக்கு அக்கிராசனர் வேதாசலம். நெல் மிஷின் முதலாளி. ராவ்சாகிப் பட்டம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று யுத்தம் ஆரம்பித்த நாளாகக் காத்திருந்தார். கடைசியில் யுத்தம்தான் முடிந்தது. காரியதரிசி கோதண்டபாணி தாலுகா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஒரு காரியத்தை ஏன் செய்ய முடியாது என்று அவரைப் போல் விளக்கிச் சொல்ல ஜில்லாவில் ஆள் இல்லை. பொக்கிஷதார் பரந்தாமனுக்கு ஜவுளிக்கடை. மற்ற இருவர் சொல்வதையும் ஆமோதிப்பது அவர் வேலை. கடைக்கு வந்தவர்கள் ‘துணி நன்றாயில்லை’ என்றால் பழக்கதோஷத்தில் அதையும் ஆமோதித்துவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள்.

இவர்கள் மூவரும் சடுகுடு ஆடியதில்லை. ஆடியவன் கண்ணையன்.

கண்ணையன் மலைக்குக் கிழக்கே யாருடைய நிலத்திலோ ஏர் ஓட்டுகிறவன். பேசத் தெரியாது. ஆனால் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினான் என்றால் எதிர்க்கட்சியில் நாலு பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு காலை ஊன்றிச் சட்டென்று திரும்புவான் பாருங்கள், அதற்காகவே அரக்கோணத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். சங்கத்தின் பெயர் வெளியூரில் நாலு பேருக்குத் தெரிந்தது என்றால் அவன் காலால்தான் தெரிந்தது. அந்தக் காலைக் கொண்டுதான் அவன் சேற்றில் இறங்கிக் கூலி வேலையும் செய்தான். வேறு சொத்து கிடையாது.

மாட்டுப் பொங்கலன்று மணவூரில் ஆட்டம். மணவூர்க் கட்சிக்குத் தலைவன் ஆறுமுகம், கண்ணையனின் மனைவி தமயந்திக்குக் கூடப் பிறந்த தம்பி. கண்ணையன் பாடிப் போய்த் திரும்புகையில் ஆறுமுகம் பாய்ந்து காலைப் பிடித்தான். கால் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது. காய்ந்த மிலாறுக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். ‘ஐயோ பாவா!’ என்று அக்காள் புருஷனைப் பார்த்துக் கத்தியது ஆறுமுகம்தான். கண்ணையனுக்குக் கத்தவும் மூச்சில்லை.

புத்தூருக்குக் கட்டுப் போடக் கொண்டுபோனார்கள். எலும்பு உடையவில்லை, உள்ளே ஜவ்வு அறுந்திருக்கிறது, பட்டணம் போங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பட்டணத்துத் தர்மாஸ்பத்திரியில் யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு டாக்டர் இருந்தார். சிப்பாய்களின் முட்டியைத் தைத்துத் தைத்துக் கை பழகியவர். கண்ணையனின் தொடையிலிருந்து நாடா மாதிரி ஒரு துண்டை எடுத்து முட்டிக்குள் கோத்துத் தைத்து மாவுக்கட்டுப் போட்டார்.

“மறுபடியும் ஆட முடியுங்களா?” என்று கண்ணையன் கேட்டான்.

“ஆடலாம். ஆனா நான் சொல்ற மாதிரி நடந்துக்கணும். அடுத்த தை வரைக்கும் மைதானத்துப் பக்கம் தலை வச்சும் படுக்காதே. தை வந்துட்டுதேன்னும் குதிக்காதே. கட்டுப் பிரிச்சதும் கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கிட்டு காலை நீட்டி மடக்கு. தொடைக்குப் பலம் வரணும். அப்புறம் நட. அப்புறம் ஓடு. கடைசியா நொண்டி அடிச்சுப் பாரு. நல்ல கால் எவ்வளவு தூரம் தாண்டுதோ, தைச்ச காலும் அவ்வளவு தூரம் தாண்டணும். மறுநாள் வீக்கம் இருக்கக் கூடாது. திரும்பும்போது மனசுல பயம் இருக்கக் கூடாது. இதெல்லாம் ஆனா ஆடு. அதுக்கு முன்னாடி ஆடி மறுபடி அறுந்துதுன்னா, ஆட்டம் மட்டும் இல்லே, ஏரும் பிடிக்க முடியாது.”

தமயந்தி இதை அங்கேயே இரண்டு தரம் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

மறுவாரம் சங்கத்து நிர்வாகிகள் மூவரும் ரயிலேறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கொண்டுவந்த மாலையைக் கழுத்தில் போடுவதா முட்டியில் போடுவதா என்று கொஞ்சநேரம் விவாதம் நடந்தது. பாதிக்கப்பட்ட அங்கம் முட்டியே என்று காரியதரிசி எடுத்துக்காட்டியதால் மாவுக்கட்டின் மேல் போட்டார்கள். அக்கிராசனர் குரல் தழுதழுக்க, “கண்ணையா, பயப்படாதே. உன் முட்டிக்காக நாங்க மூணு பேரும் தணிகாசலமூர்த்திக்கு வேண்டிக்கிட்டு வந்திருக்கோம்” என்றார்.

கண்ணையனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய மனிதர்கள் தனக்காகச் சாமியிடம் நின்றார்களே என்று அவன் உருகிப்போனான். என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று அவன் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்தபோது கால் கரும்புச் சக்கையாக இளைத்திருந்தது. கண்ணையன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலில் மணல் பையைக் கட்டித் தூக்கினான், இறக்கினான். தமயந்தி இரண்டு பேர் வேலையையும் சேர்த்து நடவுக்கும் களைக்கும் போனாள். போகும்போது, “யோவ், நான் வர்றதுக்குள்ள ஓடிப் பாக்கலாம்னு கெளம்பின, தைச்ச கால நானே பிரிச்சுடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போவாள். வைகாசியில் நடந்தான். ஆனியில் வரப்பில் மெதுவாகப் போய்வந்தான். ஒருநாள் தெருவில் பாண்டி ஆடுகிற பெண் பிள்ளைகளோடு நின்று நொண்டி அடித்துப் பார்த்தான். நல்ல காலில் மூன்று கட்டம் தாண்டினான். தைத்த காலில் ஒரு கட்டம் தாண்டுவதற்குள் முட்டி வெடவெடவென்று நடுங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டு, தைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டான்.

சங்கத்துக்குத் தை வரை பொறுமை இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஜில்லாக் கேடயப் பந்தயம் திருத்தணியிலேயே நடப்பதாக ஏற்பாடு. கேடயத்தைக் கொடுக்கக் கலெக்டர் துரை வருவதாகப் பேச்சு. துரை வரும் நாளில் உள்ளூர்க் கட்சி தோற்று நின்றால் ராவ்சாகிப் பட்டம் என்ன ஆகும்? ஆகையால் சங்கம் அவசரக் கூட்டம் கூடி, ‘கண்ணையனின் முழங்கால் பூரண குணமடைந்துவிட்டது’ என்று தீர்மானம் நிறைவேற்றியது. அக்கிராசனர் பிரேரேபித்தார், காரியதரிசி அனுமோதித்தார், பொக்கிஷதார் ஆமோதித்தார். ஏகமனது. முட்டியைப் பற்றி விசாரிக்க அவனை வரவழைப்பது என்று இன்னொரு தீர்மானமும் போட்டு, குணமான செய்தியை முட்டிக்குச் சொந்தக்காரனுக்குத் தெரிவிக்க மறுநாள் ஆள் அனுப்பினார்கள்.

சங்கத்தின் காரியாலயம் நெல் மிஷின் மாடியில் இருந்தது. மேலே போவதற்கு மர ஏணிதான். கண்ணையன் நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிப்போய் நின்றான்.

“ஏணி ஏறி வந்துட்டான்” என்றார் கோதண்டபாணி. “முதல் பரீட்சையில் தேறினான்.”

“தேறினான்” என்றார் பரந்தாமன்.

“சாமி, முட்டி இன்னும் நடுங்கிக்கினு இருக்குதுங்க. நீங்களே பாருங்க” என்று கண்ணையன் குனிந்து வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கப்போனான்.

“என்னது!” கோதண்டபாணி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “சபை நடுவிலே, பெரியவங்க எதிரிலே, வேட்டியைத் தூக்கறதா? மரியாதை தெரியாது?”

கண்ணையன் வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுக்கொண்டான். “முட்டியப் பாக்கணும்னு சொல்லி அனுப்பினீங்களே…”

“முட்டியைப் பற்றி விசாரிக்கணும்னுதான் தீர்மானம். பார்க்கணும்னு இல்லை. கச்சேரியிலே முப்பது வருஷம் நிலத்தைப் பற்றி விசாரிச்சவன் நான். ஒரு நிலத்தையாவது போய்ப் பார்த்திருப்பேனா?”

பிறகு விசாரணை ஆரம்பமாயிற்று. நாக்கை நீட்டச் சொன்னார்கள். பல்லை எண்ணினார்கள். மூச்சைப் பிடிக்கச் சொல்லி அக்கிராசனர் தம் பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்தார். அது நின்று வெகுநாளாயிற்று. ராஜ விசுவாசம் உண்டா என்று கேட்டார்கள். மணவூரில் பெண் எடுத்தது ஏன் என்று கேட்டார்கள். தொடையிலிருந்து முட்டிக்கு ஜவ்வு மாற்றலாகிப் போயிருப்பதால், இது சங்கத்தில் சேர்ந்த பழைய முட்டிதானா, புதிய முட்டியா, புதிய முட்டிக்குத் தனியாக அங்கத்தினர் சந்தா உண்டா என்று கோதண்டபாணி ஒரு சட்டப் பிரச்னையைக் கிளப்பினார். கண்ணையன் எல்லாவற்றுக்கும் “ஆங்” என்றான். எதற்கு ஆங் சொன்னோம் என்று அவனுக்கே தெரியாது.

கடைசியில் அவன் கையைக் கட்டிக்கொண்டு, “டாக்டரு தை வரைக்கும் ஆடக் கூடாதுன்னாருங்க. இப்ப ஆடினா மறுபடி அறுந்துடுமாம். ஏர்கூட ஓட்ட முடியாதாங்க” என்றான்.

வேதாசலத்தின் முகம் சிவந்தது. “டாக்டர் சொன்னாரு, சரி. நாங்க மூணு பேர் முருகன்கிட்டே வேண்டிக்கிட்டோமே, அதுக்கு என்ன அர்த்தம்? முருகன் குணப்படுத்தலைன்னு சொல்றியா?”

“ஐயையோ, நான் அப்படிச் சொல்லலீங்க!”

“அப்போ குணமாயிட்டுது. குணமாயிட்டதாலே வேண்டுதலைச் செலுத்திடணும். கிருத்திகை அன்னைக்குக் காலையிலே செலுத்திட்டு, சாயந்திரம் ஆட வந்துடு.”

“செலுத்துங்க சாமி, நல்லாருப்பீங்க” என்று கண்ணையன் கும்பிட்டான்.

“நாங்க இல்லேடா, நீ! உன் முட்டி குணமானா, நீ அடிவாரத்திலேருந்து முட்டி போட்டே மலை ஏறுவேன்னு நான் வேண்டிக்கிட்டேன்.”

“நீ காவடி எடுப்பேன்னு நான் வேண்டிக்கிட்டேன்” என்றார் கோதண்டபாணி.

“நானும் ஏதாவது வேண்டிக்கணுமேன்னு, மேலே போனதும் நீ அங்கப்பிரதட்சணம் பண்ணுவேன்னு வேண்டிக்கிட்டேன்” என்றார் பரந்தாமன். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர் சொந்தமாக யோசித்தது.

கண்ணையனுக்குத் தலை சுற்றியது. “வேண்டிக்கினது நீங்க. ஏற வேண்டியது நானுங்களா?”

“முட்டி யாருது?” என்று கேட்டார் கோதண்டபாணி.

“என்னுதுங்க.”

“அப்போ யார் ஏறணும்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா தாய் வேண்டிக்கிறா. மொட்டை யாருக்கு அடிக்கிறாங்க, பிள்ளைக்குத்தானே? சாமி காரியத்துலே சாக்குச் சொல்லக் கூடாது.” இதற்குப் பதில் சொல்லக் கண்ணையனுக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் எனக்கும்கூடத் தெரியாது. அது உலக வழக்கம்தான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது தமயந்தி அழுதுவிட்டாள். அவள் சுலபத்தில் அழுகிறவள் அல்ல. “முட்டி சரியாவணும்னு வேண்டிக்கினு, அந்த முட்டியாலேயே கருங்கல்லுல தேச்சிக்கினு போவணுமா? அப்புறம் சாயந்திரம் ஆட்டம் வேறயா? இத்தினி மாசம் நான் சேத்துல ஒத்தையா நின்னது இதுக்குத்தானா? நாளைக்கு நீ கோலூனி ஒக்காந்தா சங்கமா வந்து கஞ்சி ஊத்தும்?”

அன்றைக்கு ஆறுமுகம் அக்காளைப் பார்க்க வந்திருந்தான். அந்தக் காலைப் பிடித்தவன் தான்தான் என்பதால் பாவா எதிரில் அவன் தலை நிமிர்ந்து பேசியதில்லை. “போவாத பாவா. ஒடம்பு சரியில்லன்னு சொல்லி மணவூர் வந்துடு” என்றான்.

“வந்துட்டா? சாமி கடனை வச்சுக்கினு ஓடிட்டான்னு ஊரே சொல்லும்” என்றான் கண்ணையன். அவனுக்கு அதுதான் பயம். முருகன் மேல் அவனுக்குச் சந்தேகம் கிடையாது.

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு அவனைக் கிட்டே கூப்பிட்டு ஏதோ சொன்னாள். கண்ணையன் முதலில் சிரித்தான், பிறகு பயந்தான். பிறகு இரண்டு பேரும் மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

கிருத்திகைக்கு முதல் நாள் சாயங்காலம் சரவணப் பொய்கைக் கரையில் சங்கத்தின் பகிரங்கக் கூட்டம். ஊரே காவடிமயம். சித்தூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்த ஜனங்கள், வேறு வேலை இல்லாததால், மேடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வேதாசலம் எழுந்து கண்ணையனின் தோளில் கை வைத்தார்.

“மகாஜனங்களே! இந்த முட்டி கண்ணையனுடைய முட்டி என்று நீங்கள் நினைக்கலாம். அல்ல, இது சங்கத்தின் முட்டி! இதில் உண்டாகும் நோவை அவன் தாங்குகிறான், இதில் உண்டாகும் கீர்த்தியை நாங்கள் தாங்குகிறோம். இப்படிப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதுதான் சங்கம் என்பது. வைத்தியர் தை மாதம் என்றார். நாங்கள் ஒரே கூட்டத்தில் குணப்படுத்தினோம். அந்தக் கூட்டமும் சோடா வருவதற்குள் முடிந்தது!”

ஜனங்கள் கைதட்டினார்கள். “கண்ணையா, நீயும் நன்றியாக இரண்டு வார்த்தை சொல்” என்று அவனை முன்னே தள்ளினார்கள்.

கண்ணையன் மேடையில் நின்றான். முட்டி நடுங்கியது, இந்தத் தடவை அது ஜவ்வால் அல்ல. கூட்டத்தின் ஓரத்தில் தமயந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பெரியவங்களுக்குக் கும்புடுங்க” என்று ஆரம்பித்தான். “எனக்குப் பேச வராதுங்க. இவங்க மூணு பேரும் என் முட்டிக்காகச் சாமிகிட்ட வேண்டிக்கினாங்க. நான் முட்டி போட்டு மல ஏறணும்னு வேண்டிக்கினாங்க. பெத்த தாயாட்டம் வேண்டிக்கினாங்களே, நாம ஒண்ணும் வேண்டிக்கலியேன்னு எனக்கு மனசு கேக்கலீங்க. அதனால நானும் போய் வேண்டிக்கினேன். முருகா, என் முட்டி முழுசா குணமாயிட்டா, எங்க அக்கிராசனரு, காரியதரிசி, பொக்கிஷதாரு மூணு பேரும் அடிவாரத்துலேர்ந்து முட்டி போட்டே மல ஏறி உன்னப் பாக்க வருவாங்கன்னு வேண்டிக்கினேனுங்க. நாள காலையில நாங்க நாலு பேரும் ஒண்ணா ஏறப் போறோம். எல்லாரும் வந்து பாக்கணும்.”

யாரோ ஒரு காவடிக்காரர் “அரோகரா!” என்று எழுப்பினார். பொய்கைக் கரை முழுவதும் “அரோகரா!” என்று அதிர்ந்தது. பரந்தாமன்கூடப் பழக்கத்தில் “அரோகரா” என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் விஷயம் விளங்கி வாயை மூடிக்கொண்டார்.

சங்கத்தின் சரித்திரத்திலேயே மிக விரைவாக நடந்த கூட்டம் அன்றைக்கு மேடைக்குப் பின்னாலேயே நடந்தது. சோடா கிடையாது, வந்தனோபசாரம் கிடையாது. கண்ணையனின் முழங்கால் குணமாகவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். முந்திய தீர்மானத்தில் ‘இல்லை’ என்ற வார்த்தை தவறுதலாக விட்டுப்போனதாகக் காரியதரிசி விளக்கினார். குணமாகாதபடியால் எந்த வேண்டுதலும் இப்போது செலுத்தத்தக்கதல்ல. ஆகவே கண்ணையன் ஆடக் கூடாது, ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது.

அதற்குப் பிறகு சங்கம் அந்த முட்டியிடம் காட்டிய பரிவு இருக்கிறதே, பெற்ற தாய்கூடக் காட்டமாட்டாள். வேதாசலம் தம் கைத்தடியை அவனுக்கு அனுப்பி வைத்தார். எதிரே பார்த்தால், “நொண்டி நட, கண்ணையா. நல்லா நொண்டி நட” என்று கெஞ்சுவார். அவன் ஒருநாள் நிமிர்ந்து நடந்ததைக் கண்ட பரந்தாமன் பதறிப்போய்க் காரியதரிசியிடம் ஓடினார். ஆடிக் கிருத்திகைப் பந்தயத்தில் உள்ளூர்க் கட்சி முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வியது. கலெக்டர் துரை வரவேயில்லை.

டாக்டர் கேட்ட ஓய்வு கண்ணையனுக்கு இப்படிக் கிடைத்தது. அவன் மணல் பையைப் பெரிதாக்கினான். ஐப்பசி மழையில் வரப்பு வழுக்கியபோது வெளியே போகாமல் கட்டிலிலேயே காலை நீட்டி மடக்கினான். கார்த்திகையில் மெல்ல ஓடினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறுமுகம் வந்து எதிரே நின்று, தொடாமல், பிடிக்காமல், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பப் பழக்கினான். மார்கழியில் பாண்டிக் கட்டத்தில் நின்று நல்ல காலில் தாண்டினான், தைத்த காலில் தாண்டினான். இரண்டும் ஒரே கோட்டில் போய் விழுந்தன. மறுநாள் காலையில் தமயந்தி அவன் முட்டியை விளக்கெண்ணெய்க் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை. அன்றைக்கு அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பட்டணத்து டாக்டரும் பார்த்துவிட்டு, “முதலில் உன் ஆட்களோடு ஆடிப் பழகு. பயம் விட்டதும் பந்தயத்துக்குப் போ” என்று அனுப்பிவைத்தார்.

கண்ணையன் நேரே நெல் மிஷின் மாடிக்குப் போனான். ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறினான். அந்தச் சத்தம் கேட்டே மூன்று பேருக்கும் வேர்த்துவிட்டது.

“முட்டி சரியாயிடுச்சுங்க. டாக்டரும் சொல்லிட்டாரு. மாட்டுப் பொங்கல் ஆட்டத்துக்கு வர்றேனுங்க.”

கோதண்டபாணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “கண்ணையா, உன் முட்டி குணமாகியிருக்கலாம். அது உன் சொந்த விஷயம். அதிலே சங்கம் தலையிடாது. ஆனா சங்கத்தைப் பொறுத்தவரைக்கும் அது குணமாகலை.”

“எப்ப குணமாவுங்க?”

“நாங்க பதவியிலே இருக்கிற வரைக்கும் ஆகாது.”

“ஆகாது” என்றார் பரந்தாமன், அடித்தொண்டையிலிருந்து.

ஒரு வருஷமாக அவன் கட்டிலில் மணல் தூக்கியது மறுபடி ஒருமுறை அந்தக் கோட்டைத் தாண்டத்தான். இரண்டிரண்டு படியாக ஏறியவன் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். முட்டி அறுந்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை என்று பிற்பாடு தமயந்தியிடம் சொன்னான்.

“எங்க ஊருக்கு வந்துடு பாவா” என்றான் ஆறுமுகம். “எங்ககிட்ட சங்கமும் இல்ல, கிங்கமும் இல்ல. ஆடத் தெரிஞ்சவன் ஆடுவான், அவ்ளோதான்.”

மாட்டுப் பொங்கலன்று மணவூரில் திருத்தணிக்கும் மணவூருக்கும் ஆட்டம். சங்கத்தார் மூவரும் மாலையோடு முன் வரிசை நாற்காலிகளில் வீற்றிருந்தார்கள். மணவூர்ப் பக்கத்திலிருந்து கச்சையை இறுக்கிக்கொண்டு கண்ணையன் எழுந்து வருவதைப் பார்த்ததும் வேதாசலத்தின் கையிலிருந்து வெற்றிலைச் சுருள் விழுந்தது.

அவன் பாடிக்கொண்டு போனான். முதல் பாட்டில் யாரையும் தொடாமல் திரும்பினான். போன வருஷம் கால் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தான் போலிருக்கிறது. அடுத்த பாட்டில் உள்ளே புகுந்து இரண்டு பேரைத் தொட்டான். மூன்றாமவன் காலுக்குப் பாய்ந்தான். கண்ணையன் தைத்த காலை ஊன்றி, சட்டென்று, அந்தப் பழைய திருப்பு திரும்பி, கோட்டைத் தாண்டி மண்ணில் விழுந்தான். தமயந்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எழுந்தான், முட்டியில் மண்ணைத் தட்டினான், சிரித்தான்.

“செல்லாது!” வேதாசலம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அந்தப் புள்ளி செல்லாது! இவன் முட்டி குணமாகாதவன். இவனாலே இப்படித் திரும்ப முடியாதுன்னு எங்ககிட்டே தீர்மானம் இருக்கு!”

ஆட்டம் நின்றது. ஜனங்கள் வேதாசலத்தைப் பார்த்தார்கள், பிறகு கண்ணையனின் முட்டியைப் பார்த்தார்கள். தழும்போடு அது வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அங்கே வேட்டியும் இல்லை, சபையும் இல்லை. திருத்தணியிலிருந்து வந்திருந்த கூட்டத்திலிருந்து முதலில் ஒரு குரல் எழும்பியது. “முட்டி சரியாயிட்ச்சுபா! அரோகரா!” பிறகு எல்லோரும்.

தைக் கிருத்திகையன்று காலையில் அடிவாரத்தில் நிற்க இடமில்லை. சங்கத்தார் மூவரும் எத்தனையோ நியாயம் சொல்லிப் பார்த்தார்கள். பிறத்தியான் வேண்டிக்கொண்டது எங்களைக் கட்டாது என்றார் கோதண்டபாணி. “சாமி காரியத்துல சாக்குச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் தமயந்தி. அதைப் பரந்தாமன் ஆமோதித்துவிட்டார்.

இங்கிலீஷ் புத்தாண்டுப் படிபூஜையில் பூசிய மஞ்சளும் குங்குமமும் படிகளில் இன்னும் இருந்தன. மூவரும் முட்டி போட்டார்கள். கண்ணையன் தன் பங்குக்குக் காவடி எடுத்து, அவர்களுக்குப் பின்னால், காலால் நடந்து வந்தான். முட்டி போட்டு ஏறும் பங்கு இப்போது சங்கத்தாருடையது என்று ஊரே தீர்மானித்துவிட்டது. அங்கப்பிரதட்சணத்தை மேலே போய் அவன் செய்வதாக ஒப்புக்கொண்டான். அதில் முட்டிக்கு வேலை இல்லை.

முதல் மண்டபத்துக்கு முன்னாலேயே வேதாசலம் நின்றுவிட்டார். நின்றுவிட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அப்படியே சரிந்து படியில் உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, ‘முருகா’ என்று மனதார அழைத்தார். முருகன் மேலேதான் இருந்தார். இறங்கி வருகிற உத்தேசம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கண்ணையன் காவடியை ஆறுமுகத்திடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மனதில் குரோதம் இல்லை. சபையைப் பற்றி யோசிக்காமல் அவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிப் பார்த்தான். முட்டி பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

“டோலி கொண்டாரச் சொல்றேனுங்க. இனி படி ஏறாதீங்க. வீக்கம் வத்தினதும் மணல் பையி ஒண்ணு தர்றேன், ஒக்காந்து தூக்குங்க. அவசரப்படக் கூடாது.”

“அவசரப்படக் கூடாதா?” வேதாசலத்துக்கு அழுகை வந்தது. “மாசிப் பிறப்பிலே ஜில்லா மாநாடுடா! கலெக்டர் துரை கட்டாயம் வர்றாரு! நான் மேடை ஏறணும். அதுக்குள்ளே இது குணமாகிறதுக்கு ஒரு வழி சொல்லு கண்ணையா!”

கண்ணையன் நிஜமாகவே யோசித்தான். கீழ்ப்படியில் முனகிக்கொண்டிருந்த மற்ற இருவரையும் பார்த்தான்.

“காரியதரிசியும் பொக்கிஷதாரும் இங்கதானே இருக்காங்க சாமி,” என்றான். “ஏகமனதா ஒரு தீர்மானம் போட்டுடுங்களேன்.”